சரோஜத்தின் கையில் பால் டம்ளர்

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் கூவக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. படம் பிடித்துப்போனால் கைதட்டியே கூரையைப் பெயர்ப்பார்கள். பிடிக்காவிட்டால், எடுத்தவன் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாதபடி கூவித் தீர்ப்பார்கள். அன்று இடைவேளைக்கு முன்பே கூவல் தொடங்கிவிட்டது. பத்மப்ரியா இருக்கைக்குள் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது அவள் கம்பெனி எடுத்த அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகம்.

முதல் பாகம் பெரியவர்களுக்கு மட்டும் என்று வந்தது. தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் குடியிருக்கும் சரோஜம் என்ற பூனையின் கதை. சரோஜம் பிராந்தி குடிக்கும், இஷ்டப்பட்டவனோடு சுற்றும், எப்பேர்ப்பட்ட பெரிய மனிதனையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும். அதை வால்நுனி வரைக்கும் வரைந்தவள் பத்மப்ரியா. ஊரே கொண்டாடியது, வீட்டில்தான் அவள் மூச்சு விடவில்லை. கரமனை அக்கிரகாரத்திலேயே இருந்துவிட்ட அம்மா ஜெயலக்ஷ்மி, சரோஜத்தின் பேச்சைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள் என்று பயந்து, ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றே அவளிடம் சொல்லிவைத்திருந்தாள். ஆனாலும் தன் வேலையை அம்மா ஒரு தரமாவது பார்த்து, நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

அதனால்தான், நான் வரைந்தது என்று சொல்லி, இந்தப் படத்துக்கு அம்மாவைக் கூட்டிவந்தாள். குடும்பத்தோடு பார்க்கிற படமாக்கு என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்று சாதித்த படம். வாயைத் திறந்தால் ஏசுகிற சரோஜம் இதில் குட்டிகளைச் சுற்றி உட்காரவைத்து நல்லொழுக்கம் போதித்துக்கொண்டிருந்தது.

சரோஜம் டம்ளரை உயர்த்திப் பாலைக் குடித்தபோது கூவல் உச்சத்துக்குப் போனது. "இதைக் கொண்டுபோய் அங்கன்வாடியில போடுங்கடே" என்று ஒருவன் கத்தினான்.

"நுரையெல்லாம் தத்ரூபமா இருக்கே" என்று ஜெயலக்ஷ்மி மட்டும் பூரித்துப்போனாள். பிறகு பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றாள். "எதுக்குக் கூவறேள்? எம் பொண்ணு வரைஞ்சதாக்கும். பிடிக்கலைன்னா எழுந்து போங்கோ."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த பேச்சு. போயும் போயும் இந்தப் படத்துக்கா அதைச் சொல்லவேண்டும்?

முன்வரிசையில் இருந்த இளைஞன் திரும்பிப் பார்த்தான். சாலை பஜார் இரும்புக்கடை ஒன்றின் பெயர் போட்ட பனியன் அணிந்திருந்தான்.

"அக்கா, நீங்களா வரச்சிய? முத படத்த எத்தன மட்டம் பாத்தேன்னு எனக்கே தெரியாது. இதுக்காவ கடையில லீவு சொல்லிட்டு வந்தேன். எங்க சரோஜத்த இப்பிடிக் கொன்னு போட்டியளே."

அவன் குரலில் கோபமே இல்லை. கூவலையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"முதல் படத்தைத்தான் நான் வரைஞ்சேன்" என்றாள் பத்மப்ரியா. "இதுல நான் வரையலை, அழிச்சேன்."

அவன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயலக்ஷ்மி மெல்ல உட்கார்ந்தாள். "என்னடி சொல்றாய்?"

"அந்த டம்ளர்ல முதல்ல இருந்தது பிராந்திம்மா. நான்தான் பாலாக்கினேன். சரோஜம் பேசறதை முதலாளி ஒண்ணொண்ணா வெட்டினார், அதுக்குத் தக்கபடி வாயை மாத்தி வரைஞ்சேன். எல்லாம் உன்னை மாதிரி அம்மாமார் முகம் சுளிக்கப்படாதுன்னு. உனக்காகத்தான் இது கெட்டுப்போச்சு."

ஜெயலக்ஷ்மி திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"முதல் படத்தை ஏன் என்கிட்ட காட்டலை?"

"நீ பார்க்கமாட்டாய்னு தெரியும்."

"பார்க்கமாட்டேன்னு நான் எப்போடி சொன்னேன்?" என்றாள் ஜெயலக்ஷ்மி. "உன் முதலாளி கேக்கலை சரி, அவன் யாரோ. நீ என்கிட்ட கேட்டயோ?"