சாம்பல் நிற எழுத்து

குடியிருப்புப் பட்டியல் வெளியான அன்று காலையில் அக்கா போன் செய்தாள். "பட்டியல்ல என் பேரு இல்லடா."

அரசுக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும் இணையதளத்தை வடிவமைத்தவன் நான். அக்கா தையல் வேலை செய்கிறாள். அவள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அரசு வீடு கிடைத்தால் மகளோடு அங்கே போய்விடலாம். கிடைக்காவிட்டால் போக்கிடம் இல்லை.

"நீ ஏதாவது தப்பா அமுக்கியிருப்ப," என்றேன். என் தொழிலில் இருப்பவர்கள் வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான்.

மத்தியானம் அவள் அறைக்குப் போனேன். வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கி உட்கார இடம் கொடுத்தாள். விண்ணப்பப் பக்கத்தின் சோதனைப் பிரதியை அவள் போனிலேயே திறந்து, விண்ணப்பித்த அன்று செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். பயன்படுத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நாங்களும் கவனித்திருந்தோம். எங்கள் அலுவலகத்தில், எங்கள் அகலத் திரைகளில், எங்களையே. எல்லோரும் பாஸ்.

அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். ரசீதில் எழுதுவதைப் போலவே போன் எண்ணின் நடுவில் இடம் விட்டாள். கடைசியில் 'அனுப்பு' பொத்தானை அமுக்கினாள். திரையில் எதுவும் மாறவில்லை.

"அவ்வளவுதான், போயிடுச்சு," என்றாள்.

"போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தப்பு இருந்தா சொல்லும்ல?"

சொல்லத்தான் சொல்லியிருந்தது. பக்கத்தை மேலே, மேலே, இன்னும் மேலே தள்ளிக் காட்டினேன். தலைப்புக்கு அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: போன் எண்ணில் இடைவெளி கூடாது. சிவப்பில் போட்டால் மிரட்டுவதுபோல இருக்கும் என்று மல்லுக்கட்டிச் சாம்பலாக்கியவன் நான்தான்.

அக்கா ஒரு துணித்துண்டால் திரையைத் துடைத்தாள். பிறகுதான் கண்ணாடியை மாட்டினாள்.

"எழுத்தா இது? அழுக்குன்னு நெனச்சேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. இடைவெளியைத் தானாகவே நீக்க நிரலில் ஒரு வரி போதும். அதை எழுதச் சோம்பல்பட்டுப் பழியை நிரப்புகிறவர்கள் தலையில் கட்டியிருந்தேன்.

அங்கிருந்தே குடியிருப்பு அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாதிக்கப்பட்டவங்க யாராவது புகார் கொடுத்தாத்தான் விண்ணப்பத்த மறுபடி திறக்க முடியும். இதுவரைக்கும் ஒண்ணுகூட வரலையே," என்றார்.

"புகார்ப் படிவத்துலயும் அதே போன் எண் கட்டம்தான் சார்."

"அப்ப பேப்பர்ல எழுதி அஞ்சு மணிக்குள்ள குடுங்க. யாரோட தப்புன்னு தெளிவா இருக்கணும்," என்றார்.

நானே எழுதினேன். வடிவமைப்பாளரின் கவனக்குறைவு என்று போட்டு, பக்கத்திலேயே என் பெயரையும் எழுதினேன். அக்கா இரண்டு முறை படித்தாள். பேனாவை மட்டும் வாங்கவில்லை.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தெரியல."

"அப்ப வேண்டாம். நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"எங்க பாப்ப? மூணு மாசமா நாயா அலையற."

"அதுக்காகக் கூடப்பொறந்தவன் மேலயே புகார் எழுதிக் குடுப்பாங்களா? போடா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை; ஆனால் எதிரில் இருந்தவள் அவள்தான். "இப்ப நீ கையெழுத்துப் போடலன்னா, இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

"எந்த வீட்டு வாசப்படிடா?" என்றாள் அக்கா.

கேட்ட பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அவள் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்; என் முகத்தைப் பார்க்காமலேயே காகிதத்தை நீட்டினாள்.