மேட்டு லயத்தில் மண் ஏறியது

1977 அக்டோபர் மழையில், பெடாஸுக்கு அருகே உள்ள கரும்பாறைத் தோட்டத்து மலைக்காட்டில் மண் கீழே இறங்காமல் மேலே ஏறத் தொடங்கியது. அந்த மாதம் ரப்பர் விலை குறைந்திருந்ததால் பெரும்பாலோர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். மண்ணைக் கவனித்தவள் தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருந்த பால்வெட்டுக்காரி பஞ்சாலை. அவள் கீழ்ப்பக்கம் பெருக்கித் தள்ளிய செம்மண், மழை விட்டதும் படியேறி வாசலில் வந்து நின்றது. அவள் அதிசயப்படவில்லை, சந்தேகப்பட்டாள். ரப்பர் பால் நிறுக்கும் தராசையும் கணக்கு எழுதும் கிராணியின் சிரிப்பையும் சந்தேகப்பட்டே காலம் தள்ளியவள் அவள்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்புதான் சிரம்பானிலிருந்து ஆய்வுக்காரர் சீவரத்தினம் வந்து, தலையில் சிவப்புச் சாயம் அடித்த நாற்பது இரும்புக் கம்பிகளைச் சரிவில் அறைந்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதும் இப்படித்தான் சிவப்புக் குச்சிகள் முளைத்தன, பிறகு சனங்கள் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தார்கள். பஞ்சாலை பதினொரு கம்பிகளைப் பிடுங்கி ஓடையில் வீசினாள். வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் ராமசாமி அவளைக் கையும் களவுமாகப் பிடித்து, அடுத்த முறை வந்த ஆய்வுக்காரர் முன்னால் நிறுத்தினார். சீவரத்தினம் கோபப்படவில்லை. மலையும் மரமும் மனிதரும் நெடுநாள் சேர்ந்து வாழ வழி தேடுவதே தம் ஆய்வு என்றார். வருடத்துக்கு எவ்வளவு மண் அரித்துப் போகிறது என்று பார்க்கத்தான் கம்பி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் சரிவில் ஆள் குடியிருப்பது ஆபத்து, லயத்தைக் காலி செய்யவேண்டி வரும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப நெலம் அளக்குற குச்சியும் இதுவும் ஒண்ணுதானே லா, சார்?"

"இல்லையம்மா, உங்கட நன்மைக்குத்தான் செய்யிறன்."

"அப்படிச் சொல்லித்தான் எல்லாரும் வராங்க."

அவளிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. இந்த வீட்டை விட்டால் வேறு தோட்டம் வேலை தராது. அவளுடைய பயமெல்லாம் அதுதான்.

இரண்டு வருடத்தில் கம்பிகள் மண்ணுக்குள் முழுகின. தொழிலாளர்கள் கூடையில் மண் சுமந்து கொட்டுகிறார்கள் என்று இப்போது சீவரத்தினம் சந்தேகப்பட்டுக் காவல் போட்டார். காவல்காரன் கணுக்கால்வரை புதைந்து நின்றான். சீவரத்தினம் நேர்மையான மனிதர், வருடத்துக்கு மூன்று அங்குலம் கூடியிருக்கிறது என்று கண்டபடியே எழுதி அனுப்பினார். மண்ணாவது ஏறுவதாவது, தட்டச்சுப் பிழை என்று முடிவு கட்டிய மேலதிகாரி, கூட்டலைக் கழித்தலாகத் திருத்தினார். 1980 செப்டம்பரில், ஒரு மாதத்துக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

சீவரத்தினம் கார்பன் நகலைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஓடிவந்தார். "நான் கூடினதெண்டுதான் எழுதினனான், பாருங்கோ" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. பஞ்சாலைக்குப் படிக்கத் தெரியாது. கண்ணீரை நம்பவும் அவள் தயாராக இல்லை.

அக்டோபரில் லாரி வந்தது. கடைசி வீடு என்பதால் அவள் சாமான்கள்தான் முதலில் ஏறின. லாரியில் ஏற்றிய கட்டிலின் மேல் உட்கார்ந்து, புருஷன் செத்தபோதுகூட அழாத அளவுக்கு அழுதாள். லாரி இறங்கத் தொடங்கியதும் மழை பிடித்தது. சாலையின் மண் மேலே ஏற ஆரம்பித்தது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை சக்கரங்கள் சுழன்றபடியே இருந்தன, லாரியோ அவள் வாசலைவிட்டு ஒரு முழம் நகரவில்லை. வாசல் பலாமரம் பக்கத்திலேயே நின்றது.

"அண்ணே, பிரேக்க மிதிச்சிட்டு ஏமாத்துறீங்களா?" என்று அழுகையை நிறுத்திக் கேட்டாள்.

"சக்கரமும் ஓடுது, ரோடும் ஓடுதும்மா. நான் என்ன லா செய்ய?" என்றான் கெமாஸிலிருந்து வந்த லாரிக்கார சந்திரன். டீசல் தீர்ந்ததும் சாமான்களை அவனே இறக்கி உள்ளே வைத்துவிட்டு, ரப்பர் வேர்களைப் பிடித்துப் பிடித்துக் கீழே போனான். நிர்வாகம் இன்னும் இரண்டு லாரி அனுப்பிப் பார்த்தது. பிறகு நோட்டீசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

1990 வாக்கில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. வேலை முடிந்து மழையில் திரும்புகிறவர்கள் மலையடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், சற்று நேரத்தில் லயம் வந்துவிடும். வளைவில் மட்டும் மரத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சாலை ஒருத்திதான் நிற்கமாட்டாள். கூலி கேட்காமல் தூக்கிக்கொண்டு போகிற எதையும் நம்பக்கூடாது என்று சொல்லி, ஏறுகிற மண்ணின் மேல் விறுவிறுவென்று நடப்பாள். அதனால் மழை நாட்களில் எல்லாருக்கும் முன்பாகத் தன் வீட்டுக் கதவைத் திறப்பவள் அவள்தான்.