வடிவு கேட்ட ஆறு நாள்

ஆரியசாலைச் சந்தையில் பேரம் பேசாமல் முதல் வார்த்தைக்கே தலையாட்டுகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கொடுத்தார்கள் என்றால், மாமனார் சொன்ன மூன்று முகூர்த்தத்தையும் தள்ளி நான்காவதாக ஒன்றை நான் கேட்டதுதான் காரணம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பையன் கடையைப் பாத்துக்கிடுவான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கீழே புளி மொத்தக் கடை, மேலே வீடு. நானும் என் மனைவி வடிவும்தான். கல்யாணமாகி எட்டு வருஷம். அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வாக்கில் என்று நினைக்கிறேன். அந்த வருஷம் சர்க்கார் யானைக்கால் மாத்திரையை வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் பக்கம் அந்த நோய்க்கு மந்து என்று பேர்.

எங்கள் தெருவுக்கு வந்தவள் லிபி. பாறசாலைப் பக்கத்துப் பெண். கையில் ரெஜிஸ்டர், தோளில் பை, குடை ஒன்று. கடைக்கு வெளியே நின்றபடியே சொன்னாள்.

"அண்ணாச்சி, மந்துக்குள்ள குளிகையாக்கும். ஒங்க வயசுக்கு மூணெண்ணம், கூட இந்தப் பெரிசு ஒண்ணு. காப்பி குடிச்சாச்சா? அப்பம் எனக்க முன்னால வச்சே விழுங்கணும்."

"எனக்கு மந்து இல்லியேம்மா."

"வராம இருக்கதுக்குத்தான் தாரது. கொசு கடிச்சா ரத்தத்துக்குள்ள பூச்சி கேறும். கேறினது ஆருக்கும் தெரியாது. பத்து வருசம் கழிஞ்சுதான் காலு வீங்கும். ஒருத்தருக்க ரத்தத்துலருந்து கொசு எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். அதனால தெருவுல எல்லாரும் ஒண்ணாத் தின்னாத்தான் பிரயோசனம்."

"வராத நோய்க்கு எதுக்கு மூணு? இப்ப ஒண்ணைத் தா. மிச்சத்தை வந்த பொறவு பாப்போம்."

"இதுல பேரம் இல்ல கேட்டியளா."

"பேரம் இல்லாத சரக்கு இந்தத் தெருவுல ஏது?"

லிபி சிரித்தாள். காலையிலிருந்து இருபது கடை ஏறி வந்தவள். இதையே இருபது குரலில் கேட்டிருப்பாள். மிளகாய்க் கடைக்காரர் நாலையும் வாங்கி, பாதியைத் தன் கணக்கப்பிள்ளைக்குத் தள்ளப் பார்த்தாராம். கொப்பரைக் கடைக்காரர், மற்ற கடைக்காரர்கள் எத்தனை விழுங்கினார்கள் என்று விசாரித்துவிட்டு, அதிலிருந்து ஒன்று குறைக்கச் சொன்னாராம். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே என் உள்ளங்கையில் நாலு மாத்திரையை வைத்தாள்.

வாயில் போட்டேன், தண்ணீர் குடித்தேன், கழுத்தை அசைத்தேன். மாத்திரை நாலும் கடைவாயில் பத்திரமாக இருந்தன. அவள் ரெஜிஸ்டரில் குனிந்த நேரம் சாக்குக்குப் பின்னால் துப்பினேன். காசு வாங்காமல் கொடுக்கிற பொருளில் எங்கோ ஓட்டை இருக்கும் என்பது எங்கள் வளர்ப்பு.

ஆனால் வடிவு விஷயம் வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து இடது கணுக்கால் வீங்கும். நாலு நாளில் வடியும். நின்று நின்று வேலை செய்வதால் என்பாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. லிபியைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னேன்: "மேல வீட்ல இருக்கா. அவளுக்கு ஒழுங்காக் கொடு. முழுங்குதாளான்னு வாயைத் தொறக்கச் சொல்லிப் பாரு. ஏமாத்திருவா."

சொல்லும்போது எனக்கு வெட்கமே இல்லை.

பத்து நிமிஷத்தில் லிபி இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி கள்ளன்! ஒரு வார்த்தை சொன்னியளா? சேச்சிக்குக் குளிகை கொடுக்கல. வயித்துல பிள்ளை உள்ளவங்களுக்குக் கொடுக்கப்பிடாது. ரெஜிஸ்டர்ல எழுதியாச்சு. லட்டு எப்பம்?"

தராசில் புளி வைத்திருந்தேன். எதிரே வாங்க வந்தவர் என்ன சொன்னார், எவ்வளவு போட்டேன், எதுவும் இப்போது நினைவில் இல்லை. எட்டு வருஷத்தில் நாங்கள் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் வடிவு டாக்டர் சீட்டுகளையெல்லாம் ஒரு பழைய துணியில் கட்டிப் பரணில் போட்டாள். "இனி இந்தப் பேச்சு வேண்டாம்" என்றாள். நானும் விட்டேன். அவள் ஆசை விட்டுப்போய்விட்டது, அதைக் கிளறக் கூடாது என்று நினைத்தேன்.

கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டுச் சாலைத் தெருவுக்கு நடந்தேன். மைதீன் தன் பழ வண்டியில் மாதுளை அடுக்கியிருந்தான். விலை கேட்டேன். சொன்னான்.

"செரி, கட்டு" என்றேன்.

மைதீன் கை அப்படியே நின்றது. "நயினாரண்ணாச்சி, காய்ச்சலா?"

"இல்ல. கட்டு."

"நான் சும்மா சொன்ன வெலையாக்கும். நீங்க பாதிக்குக் கேக்கணும். நான் கைய வீசிப் போகச் சொல்லணும். நீங்க அந்த விளக்குமரம் வரை போகணும், நான் விளிக்கணும். பதினாலு வருசமா அப்படித்தானே?"

"இன்னிக்கு நேரமில்ல வேய்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு அவனே விலையைக் குறைத்தான், கொசுறாக இரண்டு பழம் வேறு போட்டான். "வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கல்லா?" என்று கேட்டபோது குரலில் பயம் இருந்தது.

நான் மாடி ஏறும்போது வடிவு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள்.

"இவ்வளவு மாதுளையா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"எங்கிட்டச் சொல்லமாட்டே. அந்தப் பிள்ளை வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிடணும், அப்படித்தானே?"

முறம் நின்றது. அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வாயால் வர வேண்டும் என்று நின்றேன்.

"அது சும்மா சொன்னதுங்க."

"சும்மாவா?"

"மாத்திரை கொடுக்கக் கூடாத ஆளான்னு பாக்க அவ மூணு கேள்வி கேட்டா. ரெண்டு வயசுக்குக் கீழயான்னு கேட்டா, என்னைப் பாத்துக்கிட்டே கேக்கா, எழுதி வச்சிருக்கதைக் கேக்கணுமாம். கிடப்பு நோயான்னு கேட்டா. நின்னுக்கிட்டு எப்படி ஆமான்னு சொல்லுதது? மிச்சம் அது ஒண்ணுதான் இருந்துச்சு. சொல்லிட்டேன்."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"வேண்டாம்னா என்னை மாதிரி வாயில வச்சிருந்து துப்பிருக்கலாம்லா?"

"துப்பினீங்களா?" அவள் குரல் உடனே உயர்ந்தது. "எனக்கு மாத்திரை கொடுன்னு மேல அனுப்பிட்டு, நீங்க துப்பினீங்களா? நல்ல ஆளு!"

"எனக்குக் காலு வீங்கலையே. ஒனக்குல்லா வீங்குது. நீ ஏன் வேண்டாங்கே?"

அவள் ஒரு மாதுளையை எடுத்தாள். வாங்கி வந்ததை வீணாக்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நகத்தால் கீறி, உடைத்து, முத்துக்களைத் தட்டில் உதிர்த்துக்கொண்டே பேசினாள்.

"குழாயடியில முத்தாரம்மாள் சொன்னா. அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையாம். மந்துன்னு பேரு சொல்லிக் கொடுக்காங்களாம். தின்னா பிள்ளை உண்டாகாதாம்."

"அதுக்கு நமக்கென்ன—"

பாதியில் வாயை மூடினேன். மூடியும் பயனில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நமக்கென்னவா?"

"நீதானே அந்தப் பேச்சு வேண்டாம்னு..."

"பேச்சைத்தான் வேண்டாம்னேன்."

கதவுக்குப் பின்னால் நாள்காட்டி தொங்கியது. அதில் மாதத்துக்கு ஒரு தேதியில் பென்சில் புள்ளி இருக்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குச் சமைக்கிற வீட்டில் மாதம் ஒரு சிலிண்டர் எப்படித் தீரும் என்று, தெருவிலேயே கெட்டிக்காரன் எனப் பேரெடுத்த எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள். ஒரே தட்டிலிருந்து இருவரும் தின்றோம்.

மறுநாள் காலையில் லிபியைக் கூப்பிட்டு மாடிக்கு அழைத்துப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் வடிவே சொன்னாள்: "நேத்து நான் சொன்னது பொய்யிம்மா." எதற்காகச் சொன்னாள் என்பதையும் சொன்னாள். லிபி கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சேச்சி, இதுக்கும் பிள்ளைக்கும் ஒரு பந்தமும் இல்ல. எனக்க ரத்தத்துல பூச்சி இருக்குன்னு பரிசோதனையில கண்டாங்க, கல்யாணத்துக்கு முன்ன. பன்னிரண்டு நாளு இதே குளிகை தின்னவளாக்கும் நான். அதுக்குப் பொறவு எனக்க பயலுவ விஜினும் பிஜியும் ஆகாசத்துலருந்தா விழுந்தானுவ? ரெண்டும் சேந்து வீட்டுக்க ஓட்டை உடைக்குது. வேணும்னா ஒண்ணைக் கொண்டுவந்து விடுதேன், ஒரு வாரம் வச்சிருந்து பாருங்க. நீங்களே குளிகை கேட்டு ஓடி வருவிய."

வடிவு சிரித்தாள். ஆனால் கை நீட்டவில்லை.

லிபி அவள் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நாலு நாளில் வீக்கம் வடிந்துவிடும் என்று வடிவு சொல்லிவந்ததும் பொய்தான் போலிருக்கிறது.

"இப்பம் இது வந்துட்டுப் போற வீக்கம் சேச்சி. போகாத வீக்கமாயாச்சுன்னா பொறவு எந்தக் குளிகை தின்னாலும் பழைய காலு கிட்டாது. இன்னிக்கே விழுங்குங்க."

"ஆறு நாள் குடு."

"நாளைக்கு ரெஜிஸ்டரை ஆபீஸ்ல கொடுக்கணும். கொறைங்க."

"ஆறு நாள்."

"எதுக்கு ஆறு? நல்ல நாள் பாக்கியளா?"

வடிவு என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். "ஆறாம் நாள்தான் இந்த மாசத்துத் தேதி. அது தாண்டாது. தாண்டாதுன்னு தெரியும். இருந்தாலும்..."

லிபி ரெஜிஸ்டரை மூடினாள். கொஞ்ச நேரம் அந்தக் காலை மடியிலேயே வைத்திருந்தாள்.

"சந்தேகம் இருக்கும்போ கொடுக்கவும் ஆகாது. ஏழு நாளா வச்சுக்கிடுங்க சேச்சி. நான் ஆபீஸ்ல சொல்லுதேன்."

கேட்டதற்கு மேல் ஒரு நாள். ஆரியசாலையில் அப்படி ஒரு பேரம் அதுவரை முடிந்ததில்லை.

அந்த ஏழு நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. குடிதண்ணீர்க் குடத்தை நான் மாடிக்குச் சுமந்தேன். "இடுப்பு பிடிச்சிக்கிடும், வையுங்க" என்றாள், தடுக்கவில்லை. ஆறாம் நாள் விடிந்தது, இருட்டியது. நாள்காட்டியில் புள்ளி விழவில்லை. நான் பார்க்காத மாதிரி நாலு தடவை பார்த்தேன். அன்றைக்கு அவள் வாசலில் கொஞ்சம் பெரிய கோலம் போட்டிருந்ததாக எனக்குத் தோன்றியது. என் கண்ணின் ஆசையாகவும் இருக்கலாம்.

ஏழாம் நாள் பத்து மணிக்கு லிபி வந்தாள். மேலே போகாமல் கடையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தாள். புளியில் கொட்டை கூடிப்போனதைப் பற்றிப் பேசினோம். அவளுக்கு அதில் என்ன அக்கறை? ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாடி ஜன்னலிலிருந்து வடிவின் குரல் வந்தது.

"லிபி வந்தாச்சா? நான் சாப்பிட்டேன். மாத்திரையைக் கொண்டு வரச் சொல்லுங்க."

குரலில் ஒன்றும் இல்லை. குழம்பு கொதிக்கிறது என்று சொல்கிற குரல்தான். லிபி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியில் கால் வைத்தவளிடம் சொன்னேன்.

"எனக்கும் நாலு எடு."

"அண்ணாச்சிக்கு அன்னிக்கே டிக் போட்டாச்சே?"

"முழுங்கல."

"தெரியும். குடையை எடுக்கக் குனிஞ்சப்பம் பாத்தேன், சாக்குக்குப் பின்னால நாலும் கெடந்துது. ஒங்க பேருல போட்டது டிக் இல்ல, சுழி. இன்னொரு நாளு பிடிக்கலாம்னு இருந்தேன்."

மேலே வடிவு தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் அன்றைய தேதியில் பென்சில் புள்ளி விழுந்திருந்தது. கண் சிவந்திருந்தது, தலை மட்டும் அழகாக வாரியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லிபி இருவர் கையிலும் நாலு நாலு வைத்தாள். ஒரே செம்புத் தண்ணீரில், அவள் முதலில், நான் பிறகு. லிபி கேட்காமலே நான் வாயைத் திறந்து காட்டினேன். வடிவு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அந்தப் பக்கமும் காட்டுங்க" என்றாள்.

"காய்ச்சல் வந்தாலும் வரும் சேச்சி" என்று லிபி போகும்போது சொன்னாள். "பயப்படப்பிடாது. உள்ள பூச்சி சாகுததாக்கும். இல்லாதவங்களுக்கு ஒண்ணும் வராது. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. விரலிடுக்குல ஈரம் நிக்கப்பிடாது, புண்ணானா வீக்கம் கூடும்."

மத்தியானம் வடிவுக்குக் குளிர் எடுத்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

சனிக்கிழமைச் சந்தை நேரம். கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து, யார் செத்தது என்று கேட்டார். "பூச்சி" என்றேன்.

மேலே வெந்நீரும் ஒரு அகலச் சட்டியும் சோப்பும் கொண்டுபோய் வைத்தேன்.

"கடை?"

"பூட்டியாச்சு."

"சனிக்கிழமையா? கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"காலை நீட்டு."

"நானே கழுவிக்கிடுதேன்."

"குனிஞ்சா தலை சுத்தும். நீட்டு."

நீட்டினாள். மெதுவாகக் கழுவினேன். எட்டு வருஷத்தில் அந்தக் காலை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. இரண்டாவது விரலில் மெட்டி பதிந்த தடம் ஆழமாக இருந்தது. மெட்டியைக் கழற்றினேன். துணியின் முனையைத் திரித்து ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன். மூன்றாவது விரலுக்கு வந்ததும் காலை உதறினாள்.

"கூசுது."

"பொறுத்துக்கோ."

"பொறுக்க முடியல. விடுங்க—" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. நான் துடைப்பதை நிறுத்தவில்லை. எனக்கு விலை பேச மட்டும் தெரிந்த வாய். நான்காவது விரலுக்குப் போனேன், ஐந்தாவதுக்குப் போனேன். அழுகை அடங்கியது. கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் அசதியில், கால் என் மடியில் இருக்க, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கீழே யாரோ கடைப் பலகையைத் தட்டினார்கள். "நயினாரண்ணாச்சி! நெடுமங்காட்டுலருந்து வாரேன். பத்துச் சாக்கு வேணும்!" என்று சத்தம். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் தொடை மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.