ரெஃப்ரி உலகநாதனுக்கு ஒரு கைதட்டல்

உலகநாதனுக்கு வேட்டி கட்டுவதா, கறுப்பு அரைக்கால் சட்டை போடுவதா என்ற வழக்கு காலை எட்டு மணிக்கே சூடு பிடித்துவிட்டது. சம்பந்தப்பட்டவர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டிப் படுத்திருந்தார். நாற்பது வருஷமாகச் சுற்றுவட்டாரத்துக் கால்பந்துச் சண்டைகளையெல்லாம் ஒரு விசிலில் தீர்த்தவர், தன் சொந்த வழக்கில் தலையிடவில்லை.

"அரைக்கால் சட்டையோட சுடுகாட்டுக்கு அனுப்புவீங்களா? ஊரு சிரிக்காது?" என்றார் அரிகரன். அவர் இறந்தவரின் அண்ணன். எழுபத்தாறு வயதிலும் குரலுக்கு மட்டும் மூப்பு வரவில்லை.

"ரெஃப்ரி வேற இன்னா உடுப்புல போவாரு? பொண்ணு பாக்கவா போறாரு?" என்றார் ஹமீது. கரியமாணிக்கம் ஊர்க் கடைத்தெருவில் மளிகை வைத்திருப்பவர். உலகநாதன் விசில் ஊதிய ஆட்டங்களிலெல்லாம் கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டு ஓடியவர். அழுது அழுது கண் சிவந்திருந்தது. ஆனாலும் வாதத்தை விடுவதாக இல்லை.

சமையலறை வாசலில் நின்ற தனக்கொடி இரண்டு பேரையும் பார்த்தாள். புருஷன் போய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை பஞ்சாயத்து!

"மேல கறுப்புச் சட்டை, கீழ வேட்டி. முடிஞ்சிது. ரெண்டு பேரும் போயி டீ குடிங்க," என்றாள்.

இரண்டு கிழவர்களும் மஞ்சள் அட்டை வாங்கியவர்களைப் போலப் பேசாமல் நகர்ந்தார்கள்.

விடிகாலை எழுந்து பாதி டீ குடித்துவிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுடி, கொஞ்சம் சாஞ்சிக்கறேன்" என்று சாய்ந்தவர்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நோய், படுக்கை என்று ஒரு நாள்கூடக் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருமே நல்ல சாவு என்றார்கள். அது தனக்கொடிக்கும் தெரியும். அவளுக்கு ஆறாமல் இருந்தது, அவர் போன நாள். வாரத்தில் ஏழு நாள் இருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமைதானா கிடைத்தது இந்த மனுஷனுக்கு?

அன்று மாலை மூன்றரைக்கு அவர்கள் ஊர் மைதானத்தில் கரியமாணிக்கத்துக்கும் சேதராப்பட்டுக்கும் இறுதி ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் மூன்று பேருக்குப் பொன்னாடை. விசில் ஊதிய உலகநாதன், கொடி பிடித்த ஹமீது, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டே முதுகு வளைந்துபோன இன்னாசிமுத்து. இத்தனை வருஷத்தில் கால்பந்துச் சங்கத்துக்கு இப்படி ஒரு யோசனை வந்தது இதுதான் முதல் தடவை. உலகநாதன் ஒரு வாரமாகத் தரையில் நிற்கவில்லை. கறுப்புச் சட்டைக்கு மூன்று தடவை இஸ்திரி போட்டார். பொன்னாடை போர்த்தும்போது தலையை எவ்வளவு குனிய வேண்டும் என்று பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டார். "அவங்க போத்த வர்றப்ப பழக்க தோஷத்துல விசிலு ஊதிடாதீங்க" என்று தனக்கொடி கிண்டல் செய்தபோதுகூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

கிண்டல் செய்தாளே தவிர, அவருக்கு இருந்த ஆசையைவிட ஒரு பங்கு கூடுதலாகவே அவளுக்கு இருந்தது. ரெஃப்ரிக்கு யார் கை தட்டுவார்கள்? ஜெயித்தவன் தன் காலால் ஜெயித்தேன் என்பான். தோற்றவன் ரெஃப்ரியால் தோற்றேன் என்பான். நாற்பது வருஷமாக உலகநாதன் வீட்டுக்குக் கொண்டுவந்தது சட்டை நிறையச் சேறும் காது நிறைய வசவும்தான். ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட, "உன் வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலன்னா ஒரு கண்ணாடி வாங்கிக் குடேன்" என்பார்கள். ரெஃப்ரி பதில் பேசக்கூடாது என்பது அவர் சட்டம். அந்தச் சட்டம் தனக்கு இல்லை என்று தனக்கொடி மைதானத்துக்கே போகத் தொடங்கினாள். வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு விழுந்த ஒவ்வொரு வசவுக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் விசிலைவிட இவள் வாய்க்குத்தான் பயம்.

வைத மைதானம் ஒரே ஒரு தடவை அவருக்குக் கை தட்ட வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குச் சங்கச் செயலாளர் புகழ்வேந்தன் வந்தான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத பொன்னாடையைத் தனக்கொடியிடம் நீட்டினான்.

"அக்கா, ஊர்ல சாவு கிடக்கறப்ப ஆட்டம் நடத்தக்கூடாது. தள்ளி வச்சிடலாம்னு சொல்லிட்டாங்க. இத்த நீங்களே வாங்கிக்கினு அண்ணனுக்குப் போத்திடுங்க."

தனக்கொடி கையை நீட்டவில்லை.

"எத்தினி நாளைக்குத் தள்ளி வப்பீங்க?"

"அதான் தெரியல. சேதராப்பட்டுப் பசங்க கம்பெனியில ஷிப்டு மாத்திக்கினு வந்திருக்கானுங்க. மறுபடியும் எல்லாருக்கும் ஒரே நாளு லீவு கிடைக்கறது கஷ்டம்."

"கிடக்கறப்பதானே ஆடக்கூடாது? எடுத்துட்டா?"

புகழ்வேந்தன் தலையைச் சொறிந்தான். "எடுத்து, ஊரு எல்லை வாய்க்காலத் தாண்டிட்டா ஒண்ணும் இல்லக்கா. கோயில் நடையே தொறந்துடுவாங்க."

"அப்போ ரெண்டரைக்கு எடுக்கலாம். மைதானத்து வழியா எடுத்துக்கினு போவலாம். இத்த அங்க வச்சு, எல்லார் முன்னாடியும் நீயே போத்து."

டீக் குவளையோடு வந்த அரிகரன் காதில் இது விழுந்துவிட்டது.

"மைதானத்து வழியாவா? இந்த ஊர்ல எவன் பொணமாவது அந்தப் பக்கம் போயிருக்குதா? சுடுகாடு கிழக்கால, மைதானம் மேற்கால. ஊர சுத்திக் காட்டப் போறியா?"

அவர் குறுக்கே நிற்பார் என்று எல்லாருக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வீராம்பட்டினத்தோடு நடந்த இறுதி ஆட்டத்தில் அரிகரன்தான் கரியமாணிக்கத்தின் கேப்டன். கடைசி நிமிஷத்தில் பந்து அவர் கையில் பட்டது என்று விசில் ஊதி எதிரிக்குப் பெனால்ட்டி கொடுத்தவர் சொந்தத் தம்பி. கோப்பை வீராம்பட்டினத்துக்குப் போனது. அண்ணன் தம்பி மூன்று வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகும் அரிகரன் அந்த மைதானத்தில் கால் வைக்கவே இல்லை.

"மாமா," என்றாள் தனக்கொடி. "நாப்பது வருஷமா அவரு நடந்து போன வழி அது. கடைசி நாளு மட்டும் வேற வழியில போவச் சொன்னா அவருக்கு வழி தெரியாது."

அரிகரன் குவளையை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பாடை கட்டுகிறவர்களிடம் மூங்கில் கோணலாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போட்டு, மேளம் முழங்கி, பட்டாசு வெடித்து, தெருமுனை வரை பெண்கள் கூடவே வந்தார்கள். தெருமுனையில் மற்றப் பெண்கள் நின்றுகொள்ள, தனக்கொடி நிற்கவில்லை. வில்லியனூரிலிருந்து காலையில் ஓடிவந்திருந்த மகள் பிரியதர்ஷினி அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாதும்மா."

"சுடுகாட்டுக்குத்தான்டி வரக்கூடாது. மைதானத்துக்கு நான் எப்பவும் போறவதானே?"

பிரியதர்ஷினி கையை விட்டாள். அவளும் கூடவே நடந்தாள்.

மைதானத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். இரண்டு அணியும் உடை மாற்றி வரிசையாக நின்றன. சேதராப்பட்டு அணியில் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் இரண்டு பேர். யார், என்ன என்று புரியாவிட்டாலும் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். நடுக்கோட்டின் ஓரம் பெஞ்சுப் பலகை போட்டு, அதன்மேல் பாடையை இறக்கினார்கள். சுண்ணாம்புக் கோடு காயவில்லை என்று இன்னாசிமுத்து எல்லாரையும் தள்ளி நடக்கச் சொன்னார்.

புகழ்வேந்தன் மைக்கைப் பிடித்தான். நேற்றே எழுதி வைத்த தாளை எடுத்துக் கடகடவென்று படித்தான். "நாற்பது ஆண்டுகள் நடுநிலை தவறாமல் பணியாற்றிய நமது உலகநாதன் அவர்கள், இன்று போல் என்றும் நலமோடு நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தி..."

அங்கே நின்றுவிட்டான். எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டான். புகழ்வேந்தன் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பொன்னாடையை விரித்துக் கறுப்புச் சட்டையின் மேல் போர்த்தினான்.

யாரும் கை தட்டவில்லை.

பிணத்துக்கு முன்னால் கை தட்டி யாருக்குப் பழக்கம்? ஐந்நூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாக நின்றார்கள். தனக்கொடி ஒரு முகம் விடாமல் பார்த்தாள். இதற்காகவா ஊரோடு வழக்கடித்து இவரை இவ்வளவு தூரம் தூக்கி வந்தோம்? தானே தொடங்கிவைக்கலாமா என்று தோன்றியது. கை எழவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்குப் பொங்கி வந்தது.

"யோவ் ரெஃப்ரி!"

சேதராப்பட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு குரல். ஐம்பது வயதுத் தொப்பைக்காரர் ஒருவர், கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு அது பெனால்ட்டிதான்யா! பாக்ஸுக்குள்ளதான்யா என்னைத் தள்ளுனான்! பதினெட்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கறேன், கேட்டியா நீ?"

பக்கத்திலிருந்தவர்கள் அவர் வாயை அடைக்கப் பார்த்தார்கள். அதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவன், "எனக்கு இன்னாத்துக்குய்யா ரெட் கார்டு குடுத்த? அவன்தான்யா மொதல்ல மிதிச்சான்!" என்று கத்தினான். "அந்த கோலு ஆஃப்சைடே இல்ல!" என்றது மரத்தடிப் பக்கம். "ஆஃப்சைடுதான்டா! கொடி தூக்கினவன் நான் இன்னும் உசுரோட இருக்கறேன், எங்கிட்ட கேளுடா!" என்று ஹமீது எகிறினார். நாலாபக்கமும் கூச்சல் கிளம்பிவிட்டது. நாற்பது வருஷத்து வயிற்றெரிச்சல் மொத்தமும் அழுகையும் சிரிப்புமாக உலகநாதனின் மேல் வந்து விழுந்தது. அவர் எப்போதும் போலப் பதில் பேசாமல் இருந்தார்.

கூச்சலுக்கு நடுவில் அரிகரன் பாடையருகே போனார். குனிந்து, தம்பியின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"டேய் தம்பி. அன்னிக்கு பந்து என் கையில படலடா. சத்தியமா படலடா."

சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். தனக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பட்டுது மாமா. நான் கோலுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்."

அரிகரன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். மைதானமே சேர்ந்து சிரித்தது. தனக்கொடியும் சிரித்தாள். கைதட்டலை அவள் மறந்தே போயிருந்தாள்.

பாடையைத் தூக்கும்போது முன்கொம்புக்குத் தோள் கொடுத்தவர் அரிகரன்தான். வயசான காலத்தில் வேண்டாம் என்று சொன்னவர்களையெல்லாம் ஒரு அதட்டு அதட்டினார். மேளம் கிழக்கே நகர்ந்து தேய்ந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பட்டாசு வெடித்ததும் புகழ்வேந்தன் மணி பார்த்தான். மூன்று இருபத்தைந்து.

"வூட்டுக்குப் போலாம்மா. தலைக்கு ஊத்தணும்," என்றாள் பிரியதர்ஷினி.

"கொஞ்சம் இரு. ஆட்டம் ஆரம்பிக்கட்டும்."

வடக்குக் கோலுக்குப் பின்னால் அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். புது ரெஃப்ரி அருள்தாஸ் வில்லியனூர்க்காரர், முப்பது வயது இருக்கும். இறுதி ஆட்டத்துக்கு அவர் விசில் ஊதுவது இதுதான் முதல் தடவை. பந்து உருண்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கரியமாணிக்கத்துப் பையன் ஒருவன் காலை நீட்டிவிட்டான். அருள்தாஸ் விசில் ஊதினார்.

"யோவ் ரெஃப்ரி! கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று கூட்டம் கத்தியது.

தனக்கொடி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வாய்கூடத் திறந்துவிட்டது. பிறகு மெல்ல உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த ரெஃப்ரியின் பெண்டாட்டி எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறாளா என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.