கருவிக்குத் தெளித்த தண்ணீர்

2025ஆம் ஆண்டு, மார்ச் மாதம் 25ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. ஆம்பூரில் என் மனைவி பூவம்மாள் மூச்சு விடுவதற்கு ஓர் இடம் இருந்தது. நேற்று அதைப் பறித்துக்கொண்டார்கள். பள்ளி ஆசிரியனாக இருந்த என் முறையீடு இதுவே.

எங்கள் தெருவின் பின்புறம் பல்லாண்டுகளாக மூடிக்கிடந்த தோல் தொழிற்சாலையைக் காலணி நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கி, பொங்கல் கழிந்ததும் இடிக்கத் தொடங்கியது. வெறும் சுவர் இடிந்த தூசியாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். ஆனால் சுவர்களுக்குக் கீழே தொட்டிகள் இருந்தன. தோலைப் பதனிட்ட இரசாயனக் கழிவு அவற்றின் அடியில் ஒரு தலைமுறைக் காலமாக உறைந்து, காய்ந்து, கட்டிதட்டிக் கிடந்தது. ஜேசிபி அதைக் கிளறியபோது, நீலமும் பச்சையும் கலந்த மாவுபோல் அது எழும்பிவந்து, கொடியில் உலர்ந்த புடவைகளிலும், மூடி வைத்த குடங்களின் மேலும், ஆஸ்துமா நோயாளியான பூவம்மாளின் நெஞ்சிலும் படிந்தது. பிப்ரவரியில் அவள் படுத்து உறங்குவதை விட்டுவிட்டாள். சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள்.

இடிக்க அனுமதி அளித்தவர்கள் நிபந்தனைகளும் விதித்திருந்தார்கள். சுற்றிலும் பச்சை வலை கட்ட வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். குடியிருப்புப் பக்கத்தில் தூசியை அளக்கும் கருவியை நிறுத்தி, அது காட்டும் எண்ணை வாயிற்பலகையில் எல்லாரும் காணுமாறு ஒளிரச் செய்ய வேண்டும். மூன்றையும் செய்தார்கள், செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் தெரு முடியும் இடத்தில், மதிலுக்கு வெளியே, இரும்புக் கம்பத்தின் மேல் வெள்ளைப் பெட்டியாக அந்தக் கருவி நின்றது.

அங்கே பாதுகாப்புப் பொறியாளராக இருந்த ஆல்வின் என்னும் இளைஞரிடம் போய் முறையிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நான் இன்னா பண்ணட்டும்? போர்டைப் பாருங்க. அறுபத்தெட்டு. நூறு வரைக்கும் போலாம்."

"தம்பி, என் வீட்டு வாசல்ல எதிர்வீடு தெரியல. உங்க பலகையில மட்டும் எப்படி அறுபத்தெட்டு?"

"மிஷினு பொய் சொல்லாது சார்."

பொய் சொல்லவில்லைதான். எண் எப்படிக் குறைகிறது என்பதை எதிர்வீட்டு ரஃபத் ஜஹான்தான் எனக்குக் காட்டினார். ரம்ஜான் நோன்பு தொடங்கிய வாரம் அது. முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"மாஸ்டர், எங்களுக்கெல்லாம் நோம்பு. அந்த மிஷினு மட்டும் நாள்பூரா தண்ணி குடிக்குதே, பாத்தீங்களா?"

பார்த்தேன். தண்ணீர் லாரி தெருமுனைக்கு வரும்; கருவியைச் சுற்றி மண் குழையும்வரை பீய்ச்சும்; திரும்பிப் போய்விடும். எங்கள் வாசல் பக்கம் ஒரு சொட்டும் விழாது. லாரி ஓட்டும் சத்தாரை மறித்துக் கேட்டேன்.

"சார், ஒரு லோடுதான் தர்றாங்க. மிஷினைச் சுத்தி மண்ணு காயக் கூடாது, அவ்ளோதான் ஆர்டரு. காஞ்சா நம்பர் ஏறும். நம்பர் ஏறுனா வேலை நிக்கும். வேலை நின்னா பேஜாரு எனக்குத்தான்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க மாஸ்டர்," என்றார் உடன் நின்ற ரஃபத் ஜஹான். "அக்காவைக் கூட்டிட்டுப் போய் மிஷினு பக்கத்துல உக்கார வைங்க. அதுக்குக் கிடைக்கிற மரியாதை அக்காவுக்கும் கிடைக்கட்டும்."

கேலி என்று எண்ணிச் சினந்தேன். மறுநாள் முற்பகலில் பூவம்மாளின் உதடுகள் கறுத்தன. ஒரு கையில் நாற்காலியும் மறுகையில் அவளுமாகத் தெருமுனைக்கு நடந்தேன். கருவியின் அடியில் அவளை அமர்த்தி, குடையை நாற்காலியின் முதுகில் கட்டினேன். ஈரமண் வாடை அடித்தது. நெஞ்சின் சீழ்க்கை ஒலி சிறிது சிறிதாகத் தணிந்தது. லாரி வந்தபோது சத்தார் அவளைக் கண்டு குழாயைத் தாழ்த்திப் பிடித்தான். சாரல் மட்டும் அவள் கால்களில் பட்டது.

"என்னமோ கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்குதுங்க," என்றாள். பல நாளுக்குப் பின் அவள் ஒரு வாக்கியத்தை இடையில் நிற்காமல் முடித்தது அன்றுதான்.

அது முதல் இயந்திரங்கள் ஓயும்வரை அவளுக்கு அதுவே வீடு. ரஃபத் ஜஹான் தம் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த தெருவிலிருந்து இருமலோடு ஒரு பெரியவர் வந்தார். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். எங்கள் தெருவே அந்தக் கம்பத்தைச் சுற்றி நாற்காலி போட்டது.

இதைவிடத் தெளிவான சான்று வேறெங்கே கிடைக்கும் என்று எண்ணினேன். சுத்தமான காற்று கருவிக்கு அருகில் மட்டுமே உள்ளது. ஆகவே கருவி காட்டும் எண் எங்கள் தெருவின் எண் அன்று. மக்கள் கருவியடியில் தஞ்சம் புகுந்திருப்பதே அதற்கு அத்தாட்சி. இவ்வாறு எழுதி, பூவம்மாள் அமர்ந்திருக்கும் படத்தையும் இணைத்து, இடிக்க அனுமதி அளித்த அலுவலகத்துக்கு அனுப்பப் போனேன்.

"அனுப்பாதீங்க," என்றாள் அவள். "கெடச்ச இடமும் போயிடும்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குது, பூவு."

"இருக்கட்டும். அதுக்கு என்னை மாதிரி மூச்சு வாங்காது."

அனுப்பினேன். அதிகாரிகள் இருவர் காரில் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், நாற்காலிகளைப் பார்த்தார்கள். நாற்காலிகளுக்கும் கம்பத்துக்கும் இடையே நாடா பிடித்து அளந்தார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் இங்க உக்காருவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், தினமும்!" என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். எங்கள் துயரத்தின் அளவைத்தான் கேட்கிறார் என்று நம்பினேன். அவரும் குறித்துக்கொண்டார்.

பதில் வந்தது. பொதுமக்கள் தொடர்ந்து கூடுவது அளவீட்டுக்கு இடையூறாக இருப்பதால், கருவியைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுமாறு நிறுவனத்துக்கு அறிவுறுத்தப்பட்டதாம், புகார் முடித்துவைக்கப்பட்டதாம்.

நேற்றுக் காலை கம்பத்தைப் பிடுங்கி மதிலுக்கு உள்ளே, தங்கள் அலுவலகத்தின் ஓரத்தில் நட்டார்கள். தண்ணீர் லாரியும் கருவியைப் பின்தொடர்ந்து உள்ளே போயிற்று. நண்பகலுக்குள் தெருமுனை காய்ந்தது.

"உங்க லெட்டரு ரொம்ப ஜோரு மாஸ்டர்," என்றார் ரஃபத் ஜஹான். "மிஷினே எழுந்து ஓடிடுச்சு." சொல்லிவிட்டு, பேரனின் முகத்தை முந்தானையால் மூடி உள்ளே சென்று கதவை அடைத்துக்கொண்டார்.

இன்று காலை பூவம்மாளால் வாசற்படியைக்கூடத் தாண்ட இயலவில்லை. ஆட்டோவில் ஏற்றினேன், ரஃபத் ஜஹான் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு உடன் வந்தார். மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஈரமண்ணுக்கு அருகில் அவள் தேறியதைப் பலமுறை கண்டவன் நான். தொழிற்சாலை வாயிலுக்குப் போகச் சொன்னேன். ஆல்வின் ஓடிவந்தார்.

"தம்பி," என்றாள் பூவம்மாள், ஆட்டோவிலிருந்தே. "அதுக்குப் பக்கத்துல... ஒரு ஓரமா... நான் எதையும் தொடமாட்டேன்."

"அம்மா, ஹெல்மெட்டு, ஷூ இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதும்மா. ரூலு."

"ஷூ கம்பெனிதானே இது?" என்று பாய்ந்தார் ரஃபத் ஜஹான். "ஒரு ஜோடி குடுங்க, மாட்டிட்டு வரட்டும்!"

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டார். "என் கையில ஒண்ணுமில்ல சார். உள்ள விட்டா என்னை அனுப்பிடுவாங்க."

நான் கைகூப்பினேன். எத்தனையோ மாணவர்கள் என் முன் கைகட்டி நின்றதுண்டு. நான் ஒருவர் முன்னும் அவ்வாறு நின்றதில்லை. "அவளை வேணாம், அந்தத் தண்ணி லாரியையாவது ஒரு சுத்து வெளியே அனுப்புங்க" என்றேன். வாயிலுக்கு உள்ளே லாரியில் அமர்ந்திருந்த சத்தார் பொறியாளரின் முகத்தைப் பார்த்தான். அவர் காவலாளிக்குக் கண்காட்டினார். காவலாளி வாயிலைச் சாத்தினார். வாயிலுக்கு மேலே பலகை பச்சை நிறத்தில் ஐம்பத்தொன்று என்றது. அப்பொழுதுதான் பூவம்மாள் ரஃபத் ஜஹானின் மடியில் சரிந்தாள்.

இப்பொழுது அவள் வேலூரில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறாள். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்து இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை அனுப்பிவிடலாம் என்கிறார் மருத்துவர்; அனுப்பினாலும் அந்த வீட்டுக்கு மட்டும் அழைத்துப் போகக் கூடாது என்கிறார். வேறெங்கே அழைத்துப் போவது? முன்பே வாலாஜாபேட்டையில் ஒரு வீடு பார்த்தோம். உரிமையாளர் அவள் இருமலைக் கேட்டதும், "டிபி கேஸுக்கு வீடு தர்றதில்ல" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டிபி இல்லை என்று மருத்துவச் சான்று காட்டியும் அவர் மனம் மாறவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. எனவே, வியாழக்கிழமை அவள் அந்தத் தூசிக்குத்தான் திரும்புவாள். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் தாங்கமாட்டாள் என்பதை மருத்துவர் மறைக்கவில்லை.

தூசியே எழாமல் இடிக்கவேண்டும் என்று கேட்கும் தெம்பு இப்பொழுது எனக்கில்லை. கருவி எங்கே நிற்கிறதோ அங்கேதான் தண்ணீர் விழும். அது என் வாசலில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இனி மனு எழுதமாட்டேன். எழுதினால் என்ன நேரும் என்பதைக் கண்டுவிட்டேன்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வியாழக்கிழமை காலை, இயந்திரங்கள் கிளம்புமுன், ஆம்பூருக்கு வாருங்கள். அந்த வாயிலின் முன் என்னோடு நில்லுங்கள். கருவியை எங்கள் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவரும்வரை நகராதீர்கள். கூட்டம் கூடுவது இடையூறு என்பார்கள். இடையூறாகவே நில்லுங்கள்.