எலிகளுக்குப் பங்கு வைத்தவன்

அந்தோணியார் சிலை இருக்கும் கெபியில் மெழுகுவத்தி ஏற்றி, அதன் சூட்டில் வலது கையை நீட்டியபடி சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் மேல்வரிசையில் மிச்சமிருக்கும் என் இரண்டு பல்லும் இன்றே விழட்டும். கஞ்சாவைத் தேடிப் போலீஸ் ஜவ்வாது மலை ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். போலீஸே கஞ்சாவைக் கொண்டுவந்து கொடுத்ததை அந்தத் திங்கட்கிழமைதான் பார்த்தேன். ஒரு ஜீப், இரண்டு காவலர்கள், ஒரு துப்பாக்கி, நடுவில் இருமல் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு குப்பி. அமிர்தி சாலையில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்து வாசலில் ஏட்டு என்னைக் கேட்டார், "பெரியவரே, இத்த யாரு குடிக்கிறது?" "எலிங்க சார்," என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் சைமன். அங்கே எலிக்கூண்டு கழுவுகிற வேலை எனக்கு. ஆராய்ச்சி செய்கிறவர் வாணியம்பாடிப் பெண், ஃபிஜா டாக்டர். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே ரத்தம் கசிந்து வீங்கிப் பெண்ணைச் சுருட்டிப் போடுகிற நோய் ஒன்று உண்டு. எண்டோமெட்ரியோசிஸ். அந்தப் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒடுகத்தூர் பஸ் போய்விடும். ஆனால் நோயை எனக்கு நேரிலேயே தெரியும். என் மருமகள் மெர்சிலின் மாதத்தில் ஆறு நாள் சமையலறைத் தரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். ஒன்பது வருஷமாக எல்லாரும் "வயித்து வலிதானே" என்றார்கள். அந்த எல்லாரில் நானும் ஒருவன். அதனால், இந்த நோய்க்குக் கேட்குமா என்று பார்க்க வந்த அந்தக் குப்பி ஜீப்பை விட்டு இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டாக்டர் ஒரு எலியின் கருப்பையிலிருந்து துணுக்குகள் எடுத்து, மற்ற எலிகளின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்து, நோயை வரவழைத்தார். பன்னிரண்டு கூண்டில் சிவப்புச் சீட்டு. அவற்றுக்குக் கஞ்சாச் சாறு கலந்த கடலையெண்ணெய். பன்னிரண்டில் நீலச் சீட்டு. அவற்றுக்கு வெறும் கடலையெண்ணெய். தூண்டில் நரம்பு போன்ற ஓர் இழையால் வயிற்றைத் தொட்டால் வலியுள்ள எலி துள்ளும். துள்ளாத எலிக்கு மருந்து கேட்கிறது என்று அர்த்தம். எல்லாம் எனக்குப் புரிந்தது, நீலச் சீட்டு எலிகள் என்ன பாவம் செய்தன என்பதைத் தவிர. எங்கள் கோவிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் முடிந்து கொடுக்கும் ரொட்டியைப் பங்கு வைப்பவன் நான்தான். முப்பது ரொட்டிக்கு நூறு பேர் வந்தாலும் ஒருத்தர்கூட வெறுங்கையோடு போனதில்லை. எலிகளுக்கு மருந்து தொடங்கிய அன்றும் செவ்வாய்க்கிழமை. இரண்டு எண்ணெய் பாட்டிலையும் ஒரே சட்டியில் ஊற்றிக் கலக்கி, திரும்ப நிரப்பி வைத்தேன்.

மூன்றாம் வாரம் இருபத்து நான்கில் ஒன்றுகூடத் துள்ளவில்லை. ஒரு எலி அந்த இழையைக் கையில் வாங்கிப் பல் குத்திக்கொண்டது. மற்றவை தீனிக்கு வரிசையில் நின்றன. நொண்டி எலி ஒன்றுக்கு முன்னால் இடம் விட்டன. ஃபிஜா டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா தாத்தா இது? வெறும் எண்ணெயே கேக்குதே."

"நம்மூரு கடலைங்க, அப்டித்தான்," என்றேன். கலக்கியதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் என்னைத் தேடி வீட்டுக்குப் போன் செய்த டாக்டர், சந்தோஷம் தாங்காமல் மெர்சிலினிடமே சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஒடுகத்தூர் செக்கிலிருந்து ஒரு லிட்டர் கடலையெண்ணெய் வீட்டுக்கு வந்தது. வெறும் வயிற்றில் தினம் ஒரு டம்ளர். ஐந்தாம் நாள் வழக்கம்போல வலி வந்தது, கூடவே வாந்தியும். தரையில் கிடந்தபடி கேட்டாள், "எலிக்குக் கேட்டது எனக்கு ஏன் மாமா கேக்கல? என் ஒடம்புலதான் ஏதோ கோளாறா?"

நான் சட்டைகூட மாற்றாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன்.

"ரெண்டையும் கலக்கிட்டேன் டாக்டரம்மா."

அவர் கையிலிருந்த இழையைக் கீழே வைத்தார். "எதுக்கு தாத்தா?"

"பங்கு வெச்சேங்க."

"மருந்து வாங்காத எலி துள்ளுனாத்தானே, வாங்குன எலி ஏன் துள்ளலன்னு நான் சொல்ல முடியும்? அந்தப் பன்னெண்டும்தான் உங்க மருமகளுக்குச் சாட்சி. சாட்சிக்கே லஞ்சம் குடுத்துட்டீங்களே."

எழுபது வயதில் யாரும் என்னை இவ்வளவு சரியாகத் திட்டியதில்லை.

மறுபடியும் ஜீப், குப்பி, ஏட்டு. புது எலிகள். இந்த முறை நீலச் சீட்டுக் கூண்டுகளை முகத்தைத் திருப்பிக்கொண்டே கழுவினேன். இருபத்தோராம் நாள் டாக்டர் இழையை எடுத்தார். நீலம் துள்ளியது. சிவப்பு துள்ளவில்லை. நீலம் பன்னிரண்டும் துள்ளின. சிவப்பு பன்னிரண்டும் கொட்டாவி விட்டன. வயிற்றுக் கட்டிகள் நீலத்தில் மிளகளவு, சிவப்பில் கடுகளவு. டாக்டர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் சட்டைப் பொத்தான் தெறித்துக் கூண்டுக்குள் விழுந்தது. ஒரு எலி எடுத்துத் திருப்பிக் கொடுத்தது.

மெர்சிலினை ஆட்டோவில் கூட்டிவந்தேன். வயிற்றைக் கையால் தாங்கியபடி ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தாள். நீலச் சீட்டு எலிகளின் முன்னால் கூடுதல் நேரம் நின்றாள்.

"எலிக்குத்தான்க்கா கேட்டுச்சு," என்றார் டாக்டர். "மனுசங்களுக்குக் கேக்குமான்னு தெரியாது. பாக்கறதுக்கே எவ்ளோ வருசம் ஆவுமோ. பொய்யா ஆசை காட்ட மாட்டேன்."

"பரவால்ல டாக்டர். வரிசைல என் பேரப் போட்டு வெய்ங்க." என் பக்கம் திரும்பினாள். "மாமாவ மட்டும் பங்கு வெக்க வுடாதீங்க."

ஒன்பது வருஷத்தில் அந்த ஆறு நாட்களுக்குள் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எலிகளுக்குக் கஞ்சா கொடுத்துப் பார்க்க ஃபிஜா டாக்டர் கேட்ட அனுமதி இன்னும் வரவில்லை, ஜீப்பும் வரவில்லை. நான் இன்று காலை கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கும் இருபத்து நான்கு கூண்டிலும் இதுவரை ஒரு எலிகூடக் குடியேறியதில்லை.