அரை அங்குலம்

இடது பக்கம் மட்டும் பிடிக்கிறது என்று அண்ணி சட்டையைக் கொண்டுவந்தபோது நான் தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளுக்குள் கழுத்துவரை புதைந்திருந்தேன். அளவு நாடாவை அவர் மார்பைச் சுற்றி வைத்ததுமே தெரிந்துவிட்டது. முப்பத்தாறு வருடமாக நாடா பிடிக்கிற கை. உடம்பு பெருத்தால் இரண்டு பக்கமும் பெருக்கும். அண்ணிக்கு வலது பக்கம் பழைய அளவிலேயே இருந்தது. இடது பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, ஏதோ கெட்டியாக விரலில் இடறியது. அண்ணி அலமாரியில் இருந்த நூல்கண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எனக்கு ஊசி என்று பேர், வாய் அப்படி. அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. துணி சுருங்கியிருக்கும் என்று மட்டும் சொல்லி, இடது பக்க உள்தையலை அரை அங்குலம் பிரித்துவிட்டுக் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பயமும்தான். ஆனால் என் அண்ணன் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அண்ணியும் படுத்துவிட்டால் அந்த வேலை யார் தலையில் விழும் என்ற யோசனை எனக்கு வராமல் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்த மாதமே மார்பகப் பரிசோதனை வண்டி வந்து நூலகத்துக்கு எதிரே நான்கு நாள் நின்றது. ஐம்பது தாண்டிய பெண்கள் எல்லாருக்கும் கடிதம் வந்திருந்தது. அண்ணிக்கு வயது அறுபத்தெட்டு. கடிதத்தை மருந்து டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டார். இந்த வயதில் யாரோ ஒருவர் முன்னால் சட்டையைக் கழற்றுவதா, வலிக்காத இடத்தைத் தோண்டுவானேன், உன் அண்ணனை யார் பார்ப்பது என்று காரணங்களை அடுக்கினார். கடைசியில், நீ முதலில் போய்விட்டு வா, அப்புறம் நான் போகிறேன் என்றார். எனக்கும் கடிதம் வந்திருந்தது. சீருடை முடியட்டும் என்றேன். வண்டி போய்விட்டது.

போன வாரம் அதே சட்டை மறுபடி வந்தது. பிரித்துப் பார்த்தேன். இனிப் பிரித்துவிட உள்ளே துணியே இல்லை. கத்திரியைக் கீழே வைத்தேன்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எனக்கு அன்னிக்கே தெரியும்."

அண்ணி கோபப்படவில்லை. முக்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும்தான் தெரியும். அதான் உன்கிட்ட கொண்டு வந்தேன். நீ எதையும் மனசுல வச்சுக்க மாட்டியே. ஊசியே ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நின்ற இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

இன்று அண்ணனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறோம். நர்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படிவத்தை வைத்துக்கொண்டு, எப்போது முதலில் தெரிந்தது என்று கேட்டாள்.

"போன வாரந்தாம்மா," என்றார் அண்ணி, என் பக்கம் திரும்பாமலே. மேஜைக்கு அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நர்ஸ் எழுதினாள். நான் இன்னொரு முறையும் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லம்மா, அஞ்சு மாசம் ஆச்சு," என்றேன். "நான்தான் மொதல்ல பாத்தேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுதியதை அடித்துவிட்டு, இடம் போதாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள். பிறகு பக்கத்தைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாள்.

"ஆபரேஷன்னு ஆனா வீட்ல உங்களப் பாத்துக்க யாரு இருக்காங்க?"

பேனா தாளுக்கு மேலே நின்றது. அண்ணி என் மணிக்கட்டிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.